இரண்டடித் தண்ணீர்

எங்கள் தண்ணீர் ஆய்வகத்தில் மொத்தம் பதினோரு பேர். எட்டுப் பேருக்குப் பட்டம் உண்டு; சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் வைத்திருக்கிறோம். ஆனால் எந்தத் தோட்டத்தில் எந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்று யாராவது கேட்டால், எட்டுப் பேரும் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திய ஹபீபுன்னிசாவின் முகத்தைத்தான் பார்ப்போம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

என் பெயர் பிரான்சிஸ். அறிக்கை எழுதுவது என் வேலை. வெளியே போய் வருகிறவர்கள் கொண்டுவரும் எண்களை வரிசையாக அடுக்கி, கோடு இழுத்து, ‘மேற்கண்டவாறு காணப்படுகிறது’ என்று முடிப்பேன். இருபது வருடமாக ஒரே நாற்காலி, தலைக்கு மேல் ஒரே மின்விசிறி. ஹபீபுன்னிசா எனக்கு ‘நிழல் சார்’ என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

அவள் உக்கடத்துக்காரி. வயது நாற்பத்தொன்று. கணவர் முஜீப்புக்கு அங்கேயே பழைய இரும்புக் கடை. பதினைந்து வருடத்துக்கு முன்பு சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் பாட்டில்களைக் கழுவுவதற்காக எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தாள். நான்கு வருடம் கழுவினாள். ஒருநாள் கிணறுகளில் அளவு எடுக்கப் போகும் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் துபாய் போய்விட்டான். அனுப்ப ஆளில்லை. “நான் போய்ட்டு வாரேனுங்க, டேப்பை உள்ள விட்டு எடுக்கறதுதானுங்களே” என்றாள். நாங்கள் சிரித்தோம். பதினோரு வருடமாக அவள்தான் போகிறாள்.

கிணத்துக்கடவு தாண்டி உள்ளே போனால் பொன்னாக்கரடு என்று ஒரு ஊர். அங்கே ஒரு கல் சுரங்கம், ஊர்க்காரர்களுக்குக் குவாரி. கரடு என்னும் சிறு குன்று இருந்த இடத்தில் இப்போது பள்ளம். படிப்படியாக வெட்டி நூற்றைம்பது அடிக்குக் கீழே போய்விட்டார்கள். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை இரண்டு பெரிய மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் கல் எடுக்க முடியும். அப்படி இறைக்கும்போது சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் வற்றுகின்றனவா என்று பார்ப்பதற்காக, பள்ளத்தைச் சுற்றி ஒன்பது கண்காணிப்புக் கிணறுகள்.

கிணறு என்றதும் கைப்பிடிச் சுவரும் மோட்டார் அறையும் கற்பனை செய்ய வேண்டாம். ஆழமாகத் துளை போட்டு, குழாய் இறக்கி, தரைக்கு மேல் கொஞ்சம் தலை நீட்ட விட்டு, மூடி போட்டுப் பூட்டியிருப்பார்கள். யாரும் குடிக்க மாட்டார்கள், இறைக்க மாட்டார்கள். வருடத்துக்கு நான்கு முறை ஹபீபுன்னிசா போய்ப் பூட்டைத் திறப்பாள். நுனியில் விரல் தடிமனுக்கு ஒரு குண்டு கட்டிய நீள டேப்பை உள்ளே விடுவாள். குண்டு தண்ணீரைத் தொட்டதும் ‘கீ’ என்று கத்தும். குழாயின் விளிம்பில் சிவப்பு வண்ணம் பூசிய இடத்தில் டேப் என்ன காட்டுகிறதோ அதைக் குறித்துக்கொள்வாள். அந்த எண்ணிலிருந்து, தரைக்கு மேல் குழாய் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைக் கழித்தால், தரையிலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே என்பது வந்துவிடும். அவ்வளவுதான் கணக்கு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை போடும்.

கணக்கு எளிது, ஆள் எளிதில்லை. ஒவ்வொரு குழாயிலும் மூன்று முறை அளப்பாள். மூன்றும் ஒத்துவராவிட்டால் எழுத மாட்டாள். சுரங்கக் கம்பெனியின் ஜீப்பில் ஏற மாட்டாள். ஒன்பது குழாயும் சுற்றி வர ஆறு கிலோமீட்டர், எல்லாம் முள்ளும் கல்லும். மேனேஜர் மருதாசலம் நல்ல மனிதர், வெயிலைப் பார்த்து இரக்கப்பட்டே வண்டி அனுப்புவார். “அவிங்க ஜீப்புல ஏறுனா அது அவிங்க சொல்ற பக்கந்தானுங்க சார் போகும்” என்பாள் என்னிடம். அவள் பிடிவாதத்தைப் பற்றி நாங்கள் மதியச் சாப்பாட்டில் நிறையக் கேலி பேசியிருக்கிறோம். நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

இப்போது என் புத்திசாலித்தனத்துக்கு வருகிறேன். அவள் நிரப்பும் படிவத்தில் ‘தரைக்கு மேல் குழாயின் உயரம்’ என்று ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒன்பது குழாய்க்கும் அவள் அளந்து எழுதுவாள், ஒவ்வொரு முறையும் அதே ஒன்பது எண்கள். இரும்புக் குழாய் என்ன வளரும் பிள்ளையா? மூன்று வருடத்துக்கு முன்பு நானே அந்த எண்களைப் படிவத்திலேயே அச்சடித்துவிட்டேன். ஆறாம் நம்பர், 92 சென்டிமீட்டர். வேலை மிச்சம் என்று அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவளும் “நல்லதாப் போச்சுங்க” என்றாள். அந்த ஒரு முறை அவள் பிடிவாதம் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும்.

இந்த வருடம் மே மாதம். அளவெல்லாம் எடுத்து, அறிக்கை போய், ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டியும் ஆகிவிட்டது. அதில் ஆறாம் நம்பர் குழாயைத்தான் எல்லோரும் தேடிப் பார்த்தார்கள். காரணம் இருந்தது. சுரங்கத்தின் அனுமதிக் கடிதத்தில் ஒரு நிபந்தனை: எந்தக் கண்காணிப்புக் கிணற்றிலாவது தண்ணீர், தொடக்க வருடத்து மே மாத அளவைவிட இரண்டு மீட்டருக்கு மேல் இறங்கினால், பள்ளத்தில் இறைப்பதை நிறுத்த வேண்டும். கம்பெனியோ இன்னும் ஐம்பது அடி ஆழம் போக மனுப் போட்டிருந்தது. ஆறாம் நம்பரில் இறக்கம் 1.60 மீட்டர் என்று என் அறிக்கை சொன்னது. வரம்புக்குள். கம்பெனிக்கு நிம்மதி. ஜூனில் ஊர்க் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நாள் குறித்தார்கள்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, சோதனைக்குத் தண்ணீர் எடுக்க ஹபீபுன்னிசா மறுபடி பொன்னாக்கரடு போனாள். ஆறாம் நம்பர் குழாய்க்கு நூறடி தள்ளி வள்ளியாத்தாளின் தோட்டம். நூற்றிருபது தென்னை, ஒரே கிணறு. கல் படிக்கட்டு வைத்த கிணறு அது, ஒரு படி சரியாக ஓரடி. வள்ளியாத்தாளும் வீட்டுக்காரரும்தான் பாடுபடுகிறார்கள். அந்த அம்மா வேலி ஓரம் நின்று கூப்பிட்டார்.

“ஏனுங்க பாயம்மா, பலகையில ஒட்டிருக்கற அளவு நீங்க எடுத்ததுங்களா?”

“ஆமாங்கம்மா.”

“எத்தனை அடி எறங்கிருக்குன்னு போட்டிருக்கறீங்க?”

“அஞ்சேகால் அடி வருமுங்க.”

“இங்க வாங்க. வந்து நீங்களே எண்ணிப்போட்டுச் சொல்லுங்க.”

கிணற்று மேட்டில் நிறுத்தி, கம்பெனி வருவதற்கு முன்னால் மே மாதத்தில் எந்தப் படி வரை தண்ணீர் நிற்கும் என்று காட்டினார். பாசி கறுத்த கோடு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஏழு படி வெளியே தெரிந்தது. எட்டாவது படியின் மேல்விளிம்பும் காய்ந்துகிடந்தது.

“எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுங்க, எண்ணத் தெரியும். எங்கூட்டுக் கெணத்துல ஏழேகால் அடி. நூறடி தள்ளி உங்க கொழாயில அஞ்சேகால் அடி. நடுவால ரெண்டடித் தண்ணிய யாருங்க குடிச்சா?”

ஹபீபுன்னிசாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பதினோரு வருடத்தில் அவள் எண்ணை ஒருவரும் கேள்வி கேட்டதில்லை. “நான் மூணு வாட்டி அளந்துதானுங்கம்மா எழுதுவேன்” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆறாம் நம்பருக்கு வந்தாள். பூட்டைத் திறந்து டேப்பை விட்டாள். ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. மே மாத எண்ணேதான், இரண்டு சென்டிமீட்டர் கூடுதல். அவள் அளந்ததில் தப்பே இல்லை.

டேப்பைச் சுற்றிக்கொண்டு எழுந்தபோது முட்டி வலித்தது. ஏன் வலிக்கிறது என்று யோசித்தாளாம். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்ததால். ஆறாம் நம்பருக்கு ஏன் குத்துக்காலிட வேண்டும்? அது இடுப்பு உயரக் குழாயாயிற்றே, முன்பெல்லாம் நின்றுகொண்டே டேப்பை விடுவாளே?

அப்போதுதான் போன வருடம் மார்ச் நினைவுக்கு வந்தது. பின்பக்கமாக வந்த டிப்பர் லாரி ஒன்று குழாயின் தலையை இடித்து வளைத்துவிட்டது. கம்பெனியில் வளைந்த பாகத்தை அறுத்து எடுத்துவிட்டு, புது மூடி போட்டு, சிவப்பு வண்ணமும் பூசி அழகாகச் சரிசெய்து வைத்திருந்தார்கள். சரிசெய்தவர்கள் மறைக்கவில்லை, வெல்டிங்காரருக்கு அது வெறும் குழாய். புது மூடியைப் பார்த்து இவளுக்கும் சந்தோஷம். உயரத்தை அளக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தக் கட்டம்தான் ஏற்கெனவே நிரம்பியிருந்ததே.

தையல்கடை டேப்பைப் பையிலிருந்து எடுத்துக் குழாயின் உயரத்தை அளந்தாள். முப்பது சென்டிமீட்டர்.

எனக்குப் போன் வந்தபோது நான் இரண்டாவது காபியில் இருந்தேன்.

“சார், படிவத்துல ஆறாம் நம்பருக்குக் கொழாய் ஒசரம் எவ்வளவுங்க?”

“தொண்ணூத்திரண்டு. ஏன் அம்மணி?”

“முப்பதுதானுங்க இருக்குது.”

கணக்கை எழுதிப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. முப்பதைக் கழிக்க வேண்டிய இடத்தில் தொண்ணூற்றிரண்டைக் கழித்திருக்கிறோம். ஒரு வருடமாக, ஐந்து அளவுகளில், ஆறாம் நம்பரில் இல்லாத அறுபத்திரண்டு சென்டிமீட்டர் தண்ணீரைக் காகிதத்தில் இருப்பதாகக் காட்டியிருக்கிறோம். உண்மையான இறக்கம் 2.22 மீட்டர். ஏழேகால் அடி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா படிக்கட்டை எண்ணிச் சொன்ன அதே ஏழேகால்.

 முதலில் எனக்குத் தோன்றியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன்: படிவத்தில் கையெழுத்து அவளுடையது, என்னுடையது இல்லை. வெட்கப்பட வேண்டிய இடம் என்றேனே, அது இதுதான்.

அவள் உடனே வீட்டுக்குக் கிளம்பவில்லை. மற்ற எட்டுக் குழாய்களுக்கும் நடந்து போய் உயரத்தையும் தண்ணீரையும் புதிதாக அளந்தாள். எட்டும் சரி. இருட்டுவதற்குள் கடைசிப் பேருந்தைப் பிடித்தாள். அதற்கு முன்பு நேராக மருதாசலத்திடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

மருதாசலம் நாற்காலி இழுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “பாயம்மா, நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலீங்க. ஆகஸ்டு மாச அளவுல இருந்து சரியாப் போட்டுக்குவோம். முடிஞ்சு போனதை எதுக்குங்க கெளறிக்கிட்டு? கூட்டத்துல இதைச் சொன்னா மொதல்ல போறது உங்க பேருதானுங்க. நல்ல பேரு எடுத்து வெச்சிருக்கறீங்க.”

அவர் மிரட்டவில்லை. அக்கறையாகவே சொன்னார். அதனால்தான் அந்த வார்த்தை அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை எங்கள் முதலாளி கிருபாவின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். கிருபா வேதியியல் படித்தவர். இந்த ஆய்வகத்தை ஒற்றை அறையில் தொடங்கி நடத்தி வருகிறவர். எங்களுடைய பெரிய வாடிக்கை அந்தச் சுரங்கம்தான். 

“திருத்தம் போகத்தான் வேணும்” என்றார். “ஆனா எப்படி நடந்துச்சுன்னு கேப்பாங்க. யாரு தப்புன்னு எழுதறது?”

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்குள் ஹபீபுன்னிசா சொல்லிவிட்டாள்: “என் பேருல எழுதுங்க மேடம். கையெழுத்து என்னோடதுங்க.”

நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு இரவு என் மனைவி மீன் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு இறங்கவில்லை.

கூட்டம் ஊராட்சிச் சமுதாயக் கூடத்தில். இருநூறு பேர் இருப்பார்கள். மேசைக்குப் பின்னால் மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, பக்கத்தில் கம்பெனிக்காரர்கள், மருதாசலம். கிருபா திருத்தக் கடிதத்தை முன்தினமே அதிகாரிக்கு அனுப்பியிருந்தார். அதிகாரி அதை மேசையில் வைத்துக்கொண்டு, “அளவு எடுத்தவங்க வந்திருக்காங்களா?” என்றார்.

ஹபீபுன்னிசா எழுந்தாள். மைக்கைக் கொடுத்தார்கள்; வாங்கி, தூரமாகப் பிடித்துக்கொண்டாள்.

“ஆறாம் நம்பர் கொழாயில ஒரு வருசமா நான் குடுத்த அளவு தப்புங்க. கொழாயோட தலையை அறுத்தது தெரிஞ்சும் நான் ஒசரத்தை அளக்காம விட்டுப்போட்டேன். தண்ணி அஞ்சேகால் அடி எறங்கலீங்க. ஏழேகால் அடி எறங்கிருக்குது. வள்ளியாத்தாம்மா சொன்னதுதானுங்க சரி.”

கூடம் கொதித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான்: “ஒரு வருசமா எவ்வளவு வாங்குனீங்க?”

 எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. “யோவ்! அந்தம்மா பஸ்ஸுல வந்துட்டுப் போறவங்க. தொண்ணூத்திரண்டுன்னு படிவத்துல அச்சடிச்சு வெச்சவன் நான். கேக்கறதா இருந்தா என்னைக் கேளு!” என்று கத்திவிட்டேன். இருபது வருடத்தில் அலுவலகத்துக்கு வெளியே நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

ஹபீபுன்னிசா திரும்பி என்னை முறைத்தாள். “நீங்க உக்காருங்க சார். நீங்க அச்சடிச்சீங்க, நான் அளக்காம விட்டேன். அது வேற தப்பு, இது வேற தப்பு. என்னோடதை நான் சொல்லிக்கறேன்.”

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. “சரிங்கம்மா. ஒன்னு தப்பாயிருச்சு. மீதி எட்டுக் கிணத்து அளவை நாங்க எந்த நம்பிக்கையில எடுத்துக்கறது? பதினோரு வருசத்து அளவையும் தூக்கிப் போட வேண்டியதுதானா?”

 மருதாசலம் சொன்ன இடம் வந்துவிட்டது. போவது அந்த ஒரு எண் இல்லை. பதினோரு வருடம் வெயிலில் நடந்து எடுத்த அத்தனை எண்களும், அவற்றின் கீழே இருக்கும் கையெழுத்தும். அவள் முகத்தைப் பார்த்தேன். அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

“நம்ப வேண்டாமுங்க” என்றாள். “போன வாரம் ஒம்பதையும் அளந்து நோட்டுல எழுதி வெச்சிருக்கறேன். நோட்டை நீங்க கையில வெச்சுக்குங்க. டேப்பையும் நீங்களே புடிங்க. வாங்க, அளந்து பாப்போம்.”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வெயிலைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். எழுந்துவிட்டார்.

அந்த ஊர்வலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். முன்னால் ஹபீபுன்னிசா, பின்னால் நோட்டோடு அதிகாரி, அவருக்குப் பின்னால் கம்பெனியும் ஊரும் கலந்து நூறு பேர். கம்பெனி ஜீப் ஒன்று காலியாகக் கூடவே வந்தது, ஏறத்தான் ஆளில்லை. நானும் நடந்தேன், என் செருப்பு மூன்றாம் நம்பரிலேயே அறுந்துவிட்டது.

ஒவ்வொரு குழாயிலும் அவள் எண்ணை முதலில் வாயால் சொன்னாள். நோட்டு அதிகாரி கையில். அவள் மனப்பாடமாகச் சொன்னாள். குழாய் உயரத்தை அதிகாரி அளந்தார். டேப்பை மருதாசலம் விட்டார். ‘கீ’ என்று கத்தியதும் அதிகாரி படித்தார். முதல் நம்பர், ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம். இரண்டு, ஒத்துப்போனது. மூன்று, இரண்டு சென்டிமீட்டர். ஒரு வாரத்தில் அவ்வளவு இறங்கும், யாரும் குறை சொல்ல முடியாது.

நான்காம் நம்பரில் உதைத்தது. பதினோரு சென்டிமீட்டர். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. 

 ஹபீபுன்னிசா தலையைச் சாய்த்துக் காதுகொடுத்துக் கேட்டாள். “பக்கத்துத் தோட்டத்துல மோட்டார் ஓடுதுங்க. அரைமணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க” என்றாள். காற்றில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் ஓடிப்போய்ப் பார்த்தார். வாழைக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள். வேப்ப மரத்தடியில் எல்லோரும் காத்திருந்தோம். யாரோ கம்பங்கூழ் கொண்டுவந்து கொடுத்தார்கள். அரைமணி கழித்து மருதாசலம் மறுபடி டேப்பை விட்டார். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம்.

அதிகாரி நோட்டை மூடினார். “மோட்டார் ஓடுனா ஒத்து வராதுன்னு தெரியுமாம்மா?” என்றார்.

“அது ஓடற வரைக்கும் நான் என்னைக்கும் அளக்க மாட்டேனுங்க” என்றாள். “அவிங்க தண்ணி கட்டி முடிக்கற வரைக்கும் உக்காந்திருப்பேன்.”

வருடத்துக்கு நான்கு முறை, பதினோரு வருடம், அந்த மரத்தடியில் அவள் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் மின்விசிறிக்குக் கீழே ‘அளவு எடுக்க எதுக்கு இந்தப் பொம்பளைக்கு முழு நாள்?’ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த இடத்தில் எனக்கு அவள்மேல் வந்த பெருமையை எப்படிச் சொல்வது? என் சொந்தத் தங்கை மாவட்ட ஆட்சியராகி வந்து நின்றால்கூட இவ்வளவு இருந்திருக்காது.

ஒன்பதும் அளந்து முடிந்தது. எட்டும் சரி. ஆறாம் நம்பரில் அவள் திருத்திச் சொன்ன அளவும் சரி. கடைசியாக அதிகாரி வள்ளியாத்தாளின் கிணற்று மேட்டில் நின்று, தானே வாய்விட்டுப் படிகளை எண்ணினார்.

ஜூலையில் உத்தரவு வந்தது. பள்ளத்தில் இறைப்பதை நிறுத்த வேண்டும். ஆழப்படுத்தும் மனு திருப்பி அனுப்பப்பட்டது. பதினோரு வருடத்து அளவுகளில் அந்த ஐந்தைத் திருத்திவிட்டு, மற்றவை அப்படியே செல்லும் என்று அதில் ஒரு வரி. அந்த வரியை நான் அலுவலகத்தில் எல்லோரும் கேட்கும்படி இரண்டு முறை படித்தேன். ஹபீபுன்னிசா பாட்டில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். “கேட்டுச்சுங்க சார், ஒருக்கா போதும்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

ஆனால் அதே வாரம் கம்பெனியிலிருந்து ஊராட்சிக்கு ஒரு கடிதம் போனது. இனிமேல் அளவு எடுக்க வேறு நிறுவனத்தை நியமிக்கப் போகிறார்கள், தவறு செய்த ஆளே தொடர்வது சரியில்லை, ஊரின் ஒப்புதல் வேண்டும் என்று. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கிருபா பெருமூச்சு விட்டார். ஹபீபுன்னிசா ஒன்பது பூட்டின் சாவிகளையும் கயிற்றில் கோத்து என் மேசைமேல் வைத்தாள். “யாரு வந்தாலும் நாலாம் நம்பருல மோட்டாரை நிறுத்திப்போட்டு அளக்கச் சொல்லிருங்க” என்றாள். 

சாவியை ஒப்படைக்க நான்தான் பொன்னாக்கரடு போனேன். ஊராட்சி அலுவலகத்தில் முப்பது பேர். மருதாசலம் கடிதத்தைப் படித்து முடித்ததும் வள்ளியாத்தாள் எழுந்தார்.

“வேற ஆளு வேண்டாமுங்க. பாயம்மாவே வரட்டும்.”

மருதாசலத்துக்கு ஆச்சரியம். “ஏனுங்க, அந்தம்மா அளவு தப்புன்னு மொதல்ல சொன்னதே நீங்கதானுங்களே?”

“ஆமாங்க, நாந்தான் சொன்னேன். ஒரு வருசமா சொல்லிட்டுத்தான் இருந்தேன். உங்ககிட்டச் சொன்னேன், இந்த ஆபீசுல சொன்னேன், வாற போறவிங்ககிட்டயெல்லாம் சொன்னேன். யாருங்க கேட்டீங்க? ஊரே கேட்டது அந்தம்மா எந்திரிச்சு ‘நான் தப்புப் பண்ணிப்போட்டேன்’னு சொன்னதுக்கப்புறந்தானுங்களே? நீங்க கூட்டிட்டு வர்ற புது ஆளும் என்னைக்காச்சும் தப்புப் பண்ணுவாரு. மனுசந்தானுங்களே. அன்னைக்கு அவரு வந்து சொல்லுவாருங்களா?”

மருதாசலம் கடிதத்தைப் பார்த்தார், வள்ளியாத்தாளைப் பார்த்தார். நல்ல மனிதர் என்று முன்பே சொன்னேன். “சொல்லுவாருன்னு என்னால சொல்ல முடியாதுங்க” என்றார்.

ஒப்புதல் கிடையாது, ஹபீபுன்னிசாவே அளக்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானம் எழுதினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத வள்ளியாத்தாள் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தார்.